கம்ப்யூட்டர்ல கோபைலட் சுத்திக்கிட்டே இருக்கா? ஐகானே காணோமா? பதறாம பார்க்க வேண்டிய விஷயங்கள் என்னென்ன?

காஞ்சிபுரம் - வேலூர் சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையை நினைச்சுக்கோங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். பட்டாவில் பெயர் தப்பா இருக்கு, மனு டைப் பண்ணிக் கொடுங்க என்று ஒரு பெரியவர் வந்து நிற்கிறார்.

கடைக்காரர் வழக்கம்போல விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் கோபைலட்டைத் திறக்கிறார். நான்கு வரியில் விஷயத்தைச் சொன்னால் அது மனுவாக எழுதிக் கொடுத்துவிடும், திருத்தி பிரிண்ட் போட வேண்டியதுதான். ஆனால் இன்றைக்குப் பார்த்து வட்டம் சுத்திக்கொண்டே இருக்கிறது. மூடித் திறந்தால் 'ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்கிறது. பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசி பஸ் போயிடும்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் கடை, வீடு, கல்லூரி என்று கோபைலட்டை நம்பி வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். அப்போது பலரும் செய்வது, கண்ணில் பட்டதை எல்லாம் அழிப்பது, விண்டோஸையே மாற்றிப் போடுவது, இல்லையென்றால் கூகுளில் கிடைத்த ஏதோ ஒரு 'கஸ்டமர் கேர்' நம்பருக்கு போன் போடுவது. இதில் மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்து.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எதை முதலில் செய்யணும், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

கோபைலட் உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயா இருக்கு?

விண்டோஸில் ஏற்கெனவே இருந்த உதவியாளர் பெயர் கோர்ட்டானா. 2015-ல் விண்டோஸ் 10 உடன் வந்தது. 2023 ஆகஸ்டில் அதற்கு மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்தியது. அடுத்த மாதமே, 2023 செப்டம்பர் 26 முதல், விண்டோஸ் 11-ல் கோபைலட் வரத் தொடங்கியது. ஆரம்பத்தில் திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. 2024-ல் அதைத் தனி ஆப்பாக மாற்றினார்கள். புது லேப்டாப் கீபோர்டுகளில் கோபைலட்டுக்கென்றே தனி பட்டனும் வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். ஐகான் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் பதில் யோசிக்கும் மூளை அங்கே இல்லை. நீங்கள் டைப் செய்யும் கேள்வி இன்டர்நெட் வழியாக மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்குப் போய், பதில் அங்கிருந்து திரும்பி வருகிறது. உங்கள் திரையில் இருப்பது ஒரு ஜன்னல் மாதிரிதான்.

அதனால் கோளாறு நான்கு இடங்களில் இருக்கலாம்.

1. உங்கள் கம்ப்யூட்டர்: ஆப், அப்டேட், தேதி, மைக் போன்றவை.

2. லைன்: வைஃபை, ஃபைபர், மொபைல் ஹாட்ஸ்பாட்.

3. சர்வர்: மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் பிரச்னை.

4. கணக்கு: நீங்கள் லாகின் செய்திருக்கும் ஐடிக்கு அனுமதி இல்லாமல் இருப்பது.

எந்த இடம் என்று தெரியாமல் ரிப்பேர் பண்ணுவது, கரன்ட் போனதுக்கு பல்பை மாத்துற கதைதான்.

முதல் 5 நிமிடத்தில் என்ன செய்யணும்?

எதையும் அழிக்காதீங்க. முதலில் நீங்கள் டைப் செய்து வைத்திருக்கும் விஷயத்தை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். ஆப்பை மூடினால் பாதி டைப் செய்தது போய்விடலாம்.

அடுத்து இந்த மூன்று சோதனைகள்.

முதல் சோதனை: அதே கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு செய்தி இணையதளத்துக்குப் போங்க. அதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு கோபைலட்டில் இல்லை, லைனில்தான்.

இரண்டாவது சோதனை: இன்டர்நெட் நன்றாக இருக்கிறதா? அதே பிரவுசரில் கோபைலட்டின் இணையதளத்தைத் திறங்கள். முகவரி: கோபைலட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம். அங்கே பதில் வந்தால் சர்வர் நல்லா இருக்கு, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஆப்தான் மக்கர். அவசர வேலையை பிரவுசரிலேயே முடித்துவிட்டு ஆப்பை அப்புறம் பார்க்கலாம்.

மூன்றாவது சோதனை: பிரவுசரிலும் வரவில்லையா? உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறங்கள். போனில் வந்தால் உங்கள் கம்ப்யூட்டரிலோ வைஃபையிலோதான் சிக்கல். போனிலும் வரவில்லை என்றால் சர்வர் பக்கம் பிரச்னை இருக்க வாய்ப்பு அதிகம்.

சர்வர் படுத்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 2024 மே 23 அன்று மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுதளம் முடங்கியபோது, அதை நம்பியிருந்த கோபைலட்டும் சேர்ந்து படுத்தது. சாட்ஜிபிடியின் இணையத் தேடல் வசதியும் அன்று பாதிக்கப்பட்டது. அதேபோல 2025 நவம்பர் 18-ல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறால் சாட்ஜிபிடி, எக்ஸ் தளம் உட்பட பல சேவைகள் நின்றன. அந்த மாதிரி நாளில் ஆப்பை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை. காத்திருப்பதுதான் ரிப்பேர்.

ஐகானே காணோமா? நீங்க அழிக்கலைன்னாலும் போகும்

'நேத்து வரைக்கும் கீழே இருந்துச்சு, இன்னிக்கு காணோம்' என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் பிள்ளைகள் மேல் பழி போடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 மார்ச் 11 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திர பாதுகாப்பு அப்டேட், சில கம்ப்யூட்டர்களில் கோபைலட் ஆப்பைத் தானாகவே நீக்கிவிட்டது. டாஸ்க்பாரில் இருந்த ஐகானும் போனது. நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. அப்போது அது சொன்ன வழி, ஸ்டோரில் இருந்து மறுபடி இன்ஸ்டால் செய்து டாஸ்க்பாரில் பின் செய்யுங்கள் என்பதுதான். பிறகு அந்தப் பிழையும் சரிசெய்யப்பட்டது.

உங்களுக்கும் ஐகான் காணாமல் போனால்,

* ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, தேடும் இடத்தில் கோபைலட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஆப் வந்தால் அது அழியவில்லை, டாஸ்க்பாரில் இருந்து மட்டும்தான் போயிருக்கிறது. அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள்.

* தேடியும் வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து, அங்கிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். வெளியீட்டாளர் பெயர் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்று இருக்கிறதா பாருங்கள். இதே பெயரில் வேறு ஆட்கள் போட்ட ஆப்புகளும் இருக்கும்.

* ஸ்டோரே திறக்கவில்லையா? விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டபிள்யூ எஸ் ரீசெட் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு கறுப்புத் திரை வந்து சிறிது நேரத்தில் தானாக மூடும். அது ஸ்டோரின் தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் வேலை. உங்கள் ஃபைல்கள் எதுவும் போகாது.

திறக்குது, ஆனா பதில் வரலையா?

வட்டம் சுத்திக்கொண்டே இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள். எளிதானது முதலில், கஷ்டமானது கடைசியில்.

தேதியும் நேரமும்: சிரிக்காதீங்க, பழைய டெஸ்க்டாப்புகளில் இதுதான் அடிக்கடி மாட்டும். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 வகை. அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்கள் தரும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2012-ல் இருப்பதாக நினைத்தால் அந்தச் சான்றிதழை ஏற்காது. கோபைலட்டும் இணையாது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் போய் 'சிங்க் நவ்' கொடுங்கள். தினமும் இதே கதை என்றால் அந்தப் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

விபிஎன்: ஏதாவது இலவச விபிஎன் போட்டு வைத்திருந்தால் அணைத்துவிட்டு முயலுங்கள். நீங்கள் எங்கோ வேறு நாட்டில் இருப்பதாக சர்வர் நினைத்து மறுத்திருக்கலாம்.

ஹாட்ஸ்பாட்: போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் அன்றைய டேட்டா மீதி இருக்கிறதா பாருங்கள். தினசரி அளவு முடிந்ததும் வேகம் ரொம்பக் குறைந்துவிடும். சாதாரணப் பக்கம் தட்டுத் தடுமாறி வரும், கோபைலட் பாதியில் நின்றுவிடும்.

அப்டேட்: செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போய் நிலுவையில் இருப்பதை முடியுங்கள். எட்ஜ் பிரவுசரையும், ஸ்டோரில் கோபைலட் ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள். நாங்க குரோம்தான் யூஸ் பண்றோம் என்று எட்ஜை ஓரங்கட்டி வைத்திருப்பவர்களும் அதை அப்டேட் செய்வது நல்லது. விண்டோஸின் பல ஆப்புகள் உள்ளுக்குள் எட்ஜின் பாகங்களைத்தான் பயன்படுத்துகின்றன.

ரிப்பேர், பிறகு ரீசெட்: செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போங்க. கோபைலட் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறங்கள். முதலில் 'ரிப்பேர்'. இது எதையும் அழிக்காது. சரியாகவில்லை என்றால் மட்டும் 'ரீசெட்'. இது ஆப்பின் அமைப்புகளைத் துடைத்துவிடும், மறுபடி லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுத்தான் ரீசெட்டில் கை வைக்கணும்.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லை என்றால் ஆப்பை நீக்கிவிட்டு ஸ்டோரில் இருந்து புதிதாகப் போடலாம். இதற்காக விண்டோஸையே மாற்றிப் போட வேண்டிய அவசியம் கிட்டத்தட்ட வராது.

'இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை'ன்னு வருதா?

இதில் குழம்புபவர்கள் அதிகம். கோபைலட் என்ற ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருக்கின்றன. ஒன்று, தனிநபர்களுக்கான இலவச கோபைலட். இன்னொன்று, அலுவலகம், கல்லூரிகளுக்கான மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்.

உங்கள் கல்லூரியோ கம்பெனியோ கொடுத்த மெயில் ஐடியில் தனிநபர் கோபைலட்டுக்குள் நுழைய முயன்றால், அது உள்ளே விடாது அல்லது அந்த இன்னொரு ஆப்புக்குத் திருப்பிவிடும். சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் சரியாகிவிடும்.

கணக்கு தொடங்கும்போது பிறந்த வருடத்தை அவசரத்தில் தப்பாகப் போட்டு, கணக்கு குழந்தைகளுக்கானதாகப் பதிவாகியிருந்தாலும் தடை வரும். கணக்கின் ப்ரொஃபைலில் அதைத் திருத்தலாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு விஷயம். அங்கே கோபைலட் வரவில்லை என்றால் அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். நிர்வாகமே அணைத்து வைத்திருக்கும். 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கருவிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற ஏஐ கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அரசு ரகசியங்கள் வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். அந்த மாதிரி இடங்களில் யூடியூப் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து அதைத் திறக்க முயற்சிக்காதீங்க. கேட்க வேண்டியது ஐடி பிரிவை.

பேசினா கேட்கலையா?

வாய்ஸ் வேலை செய்யவில்லை என்றால் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் போங்க. மைக் ஆன் ஆகியிருக்கணும். அதற்குக் கீழே உள்ள பட்டியலில் கோபைலட்டுக்கும் அனுமதி இருக்கணும். இரண்டில் ஒன்று அணைந்திருந்தாலும் கேட்காது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். லேப்டாப் மாதிரி டெஸ்க்டாப்பில் மைக் உள்ளேயே இருக்காது. ஹெட்செட்டோ வெப்கேமோ செருகியிருந்தால்தான் மைக். பச்சை ஓட்டையில் செருக வேண்டியது ஸ்பீக்கர், இளஞ்சிவப்பு ஓட்டைதான் மைக்.

'ஹே கோபைலட்' என்று கூப்பிட்டால் எழும் வசதியை 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் பரவலாகக் கொண்டுவந்தது. அது தானாக ஆன் ஆகியிருக்காது. ஆப்பின் செட்டிங்ஸில் போய் நீங்கள்தான் ஆன் செய்யணும். திரை லாக் ஆகியிருந்தால் எத்தனை முறை கூப்பிட்டாலும் எழாது.

தமிழ்ல டைப் பண்ணா குப்பையா வருதா?

ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களில் டைப் செய்த மனுவை காப்பி செய்து கோபைலட்டில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஏதோ வரும். கோபைலட் முழிக்கும், இல்லையென்றால் அதைப் பார்த்து சம்பந்தமே இல்லாமல் ஒரு பதில் தரும். கோளாறு கோபைலட்டில் இல்லை. அந்த ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுபவை. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுதான். யூனிகோடில் இருந்தால்தான் அது உண்மையான தமிழ். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

பழைய ஃபைலை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒற்றெழுத்தும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

புதிதாகத் தமிழில் டைப் செய்ய தனி சாஃப்ட்வேர் வேண்டாம். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் 99 கீபோர்டும், ஆங்கில உச்சரிப்பில் அடித்தால் தமிழ் வரும் ஃபோனெட்டிக் கீபோர்டும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் அழுத்தினால் மொழி மாறும். டைப் அடிக்கக் கஷ்டமா? விண்டோஸ் கீயையும் ஹெச் எழுத்தையும் அழுத்துங்கள். நீங்கள் தமிழில் பேசப் பேச எழுத்தாக விழும்.

எல்லாம் வேலை செய்யுது, ஆனா பதிலே தப்பா இருந்தா?

இதுதான் எல்லாவற்றையும் விட பெரிய கோளாறு. ஏனென்றால் எந்த எர்ரர் மெசேஜும் வராது. தப்பைக்கூட தயங்காமல் சொல்வது இந்த வகை ஏஐயின் குணம். அது உண்மையைத் தேடி எடுத்து வைப்பதில்லை. அடுத்து என்ன சொல் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கோர்க்கிறது. இணையத்தில் அதிகம் எழுதப்படாத ஊர்களைப் பற்றி கேட்கும்போது தப்பு கூடும்.

சோதனை செய்ய திருப்புட்குழியே நல்ல உதாரணம். ராமர் ஜடாயுவுக்கு இறுதிச் சடங்கு செய்த இடம் என்று சொல்லப்படும் ஊர் இது. புள் என்றால் பறவை. விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆனால் இதே ஜடாயு கதை கும்பகோணம் பக்கம் திருப்புள்ளபூதங்குடிக்கும் உண்டு, புள்ளிருக்குவேளூர் என்ற வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் உண்டு. மூன்று ஊர் கதையையும் கலந்து ஒரே ஊராக்கிவிடும் அபாயம் ஏஐக்கு எப்போதும் இருக்கிறது.

கோயில் கதையில் கலந்தால் பெரிய நஷ்டமில்லை. மனுவில் கலந்தால்? 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. அதே சமயத்தில் வேலூரில் இருந்து ராணிப்பேட்டை பிரிந்தது. மதுராந்தகம் இப்போது செங்கல்பட்டில் இருக்கிறது, அரக்கோணம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. இணையத்தில் கிடக்கும் பழைய பக்கங்களைப் படித்து வளர்ந்த ஏஐ, மதுராந்தகத்துக்காரர் மனுவை காஞ்சிபுரம் கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தால், அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

அதனால் இந்த மூன்று பழக்கம்.

* ஊர், வட்டம், மாவட்டம், சர்வே எண், தேதி, தொகை ஆகியவற்றை ஏஐயிடம் கேட்காதீங்க. நீங்களே ஆவணத்தைப் பார்த்துக் கொடுங்கள். வாக்கியத்தை மட்டும் அது எழுதட்டும்.

* சட்டப் பிரிவு, அரசாணை எண் என்று ஏதாவது அதுவாகச் சேர்த்திருந்தால், அரசு இணையதளத்தில் சரிபார்க்க முடிந்தால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பிரிவு எண் இல்லாத மனுவும் மனுதான்.

* சந்தேகம் இருந்தால் உங்களுக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள். குடவோலை முறை பற்றிய உத்திரமேரூர் கல்வெட்டு எந்த மன்னர் காலத்தது என்று கேளுங்கள். முதலாம் பராந்தக சோழன் என்று வர வேண்டும். அதிலேயே சறுக்கினால் மற்றதை எப்படி நம்புவது?

பழைய கம்ப்யூட்டரில் வருமா?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கான லேப்டாப்புகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அந்தக் காலத்து இயந்திரங்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் தரும் 'உலகம் உங்கள் கையில்' திட்டம் 2026 ஜனவரியில் தொடங்கியது. ஆக ஒரே தெருவில் பழசும் புதுசும் இருக்கும்.

பழையதில் கோபைலட் ஆப் திணறினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரவுசரில் திறங்கள். யோசிப்பது சர்வர்தான் என்பதால் பதிலின் தரம் குறையாது.

'கோபைலட் பிளஸ் பிசி வாங்கினாதான் வேலை செய்யும்' என்று கடையில் சொன்னால் நம்பாதீங்க. 2024 மே மாதம் அறிமுகமான அந்த வகைக் கம்ப்யூட்டர்களில் ஏஐக்கென்றே தனி சிப் இருக்கும், குறைந்தது 16 ஜிபி ரேம் இருக்கும். சில கூடுதல் வசதிகள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும். சாதாரணமாகக் கேள்வி கேட்டு பதில் வாங்க அது தேவையில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்த வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். கோபைலட் ஓடுவதைவிட, வங்கிக் கணக்கும் ஆதாரும் புழங்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருப்பதுதான் முக்கியம்.

கஸ்டமர் கேர் நம்பர் தேடுறீங்களா? நில்லுங்க!

ஏஐ ஆப் வேலை செய்யவில்லை என்று தேடும்போது, 'உடனே அழைக்கவும்' என்று போன் நம்பரோடு பக்கங்கள் வரும். சில சமயம் திரை முழுக்க சிவப்பாகி, சத்தம் போட்டு, 'உங்கள் கம்ப்யூட்டர் லாக் ஆகிவிட்டது' என்று நம்பர் காட்டும். இது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் எர்ரர் மெசேஜ்களில் போன் நம்பர் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது.

அழைத்தால் என்ன ஆகும்? 'உங்க கம்ப்யூட்டரை நாங்களே சரி பண்றோம்' என்று தூரத்தில் இருந்து திரையைப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். பிறகு ஒரு ரூபாய் கட்டணம் கட்டச் சொல்வார்கள். ஓடிபி வரும்போது அதுவும் அவர்கள் கண்ணில் படும். கணக்கு காலி.

அப்படி மாட்டிக்கொண்டால் முதலில் நெட்டை துண்டியுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

உண்மையான உதவி வேண்டுமென்றால் விண்டோஸிலேயே 'கெட் ஹெல்ப்' என்ற ஆப் இருக்கிறது. ஸ்டார்ட்டில் தேடினால் வரும்.

இன்னொருத்தர் ஆதாரை ஏஐகிட்ட கொடுக்கலாமா?

கடை வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த ஆதார், பட்டா, பாஸ்புக் ஆகியவற்றை போட்டோ எடுத்து அப்படியே கோபைலட்டில் ஏற்றுவது சரியல்ல. மனு எழுத பெயர் தேவையில்லை, ஆதார் எண் தேவையே இல்லை. 'மனுதாரர் பெயர்', 'சர்வே எண்' என்று காலியாக விட்டு எழுத வாங்கிவிட்டு, வேர்டில் நீங்களே நிரப்புங்கள்.

கோபைலட் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போனால், உங்கள் உரையாடலை ஏஐக்குப் பயிற்சி தரப் பயன்படுத்தலாமா என்ற அனுமதியை அணைக்கலாம். பழைய உரையாடல்களையும் அழிக்கலாம். நான்கு பேர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்வது நல்லது. இல்லையென்றால் அடுத்து வருபவர், முன்னால் வந்தவரின் மனுவைப் படித்துவிடுவார்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் கோபைலட்டை அன்இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். விண்டோஸுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

சுருக்கமா சொன்னா...

1. டைப் செய்ததை நோட்பேடில் சேவ் செய்யுங்கள்.

2. பிரவுசரில், பிறகு போன் டேட்டாவில் சோதித்து கோளாறு எங்கே என்று பாருங்கள்.

3. தேதி, விபிஎன், டேட்டா அளவு, அப்டேட் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

4. ரிப்பேர், பிறகு ரீசெட், கடைசியாக மறு இன்ஸ்டால்.

5. கணக்கு சொந்தக் கணக்கா, அலுவலகக் கணக்கா என்று பாருங்கள்.

6. பதில் வந்தாலும் பெயர், எண், ஊர், மாவட்டம் ஆகியவற்றைச் சரிபார்க்காமல் பிரிண்ட் போடாதீங்க.

7. எந்த நம்பருக்கும் போன் செய்யாதீங்க.

சரி, அந்தப் பெரியவர் மனு என்ன ஆகும்? சோதனையில் சர்வர்தான் படுத்திருக்கிறது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். யாருக்கு, யாரிடமிருந்து, பட்டா எண் என்ன, பெயர் எப்படித் தப்பாக இருக்கிறது, எப்படித் திருத்தணும், எந்த ஆவணம் இணைத்திருக்கு, தேதி, கையெழுத்து. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் பத்து நிமிட வேலை. திங்கட்கிழமை கூட்டத்தில் கையெழுத்து மனுவையும் வாங்கிக்கொள்வார்கள். கடைசி பஸ்தான் யாருக்காகவும் காத்திருக்காது.